வண்டி ஏறிய கல்லூரி

ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் என்ற பெயரை நம்மில் பலர் பள்ளிப் புத்தகத்தின் ஏதோ ஒரு மூலையில் கண்டிருப்போம். நிலக்கடலையிலிருந்து முந்நூறு பொருள்கள் செய்து காட்டிய அமெரிக்க நாட்டுக் கறுப்பின விஞ்ஞானி என்று ஒரு வரி இருக்கும். நானும் அவ்வளவுதான் அறிந்திருந்தேன். அந்த வரியில் அடங்கியிருப்பது அவருடைய பெருமையில் மிகச் சிறிய பங்கு என்பதும், அதிலும் பாதி மிகை என்பதும் சென்ற ஆண்டுதான் எனக்குத் தெரியவந்தது. எப்படித் தெரியவந்தது என்று சொல்வதற்கு முன் என்னுடைய தோல்வி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.

நான் மண் இரசாயனம் படிக்கிறவன். ஊர் திருவண்ணாமலைப் பக்கம்; வானம் பார்த்த பூமி. என் சித்தப்பா அங்கே இரண்டு ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நிலக்கடலை போடுகிறார். வடக்கே வந்து சேர்ந்த இரண்டாம் ஆண்டில், நானும் என் அறைத் தோழனும் சேர்ந்து மண்ணின் ஈரத்தை அளந்து கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் ஒரு சிறு கருவியைச் செய்தோம். துறைக் கண்காட்சியில் அதற்குப் பரிசும் கிடைத்தது. பஞ்சில் பொதிந்து, இரண்டு இரவு இரயிலில் மடியிலேயே வைத்து ஊருக்குக் கொண்டுபோனேன். சித்தப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இரண்டே கேள்விகள் கேட்டார். என்ன விலை ஆகும் என்பது ஒன்று. மண் காய்ந்துவிட்டது என்று இது சொன்னால், தண்ணீரை எங்கிருந்து கொண்டு வருவது என்பது மற்றொன்று. அவருடைய நிலத்தில் கிணறு இல்லை. மண் காய்ந்திருப்பதைக் காலால் மிதித்தே அறிகிறவர் அவர். நான் விடை சொல்லவில்லை. கருவி இன்று எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது.

திரும்பி வந்து இதை ஆய்வுக்கூடத்தில் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். மூத்த மாணவர் ஒருவர் மட்டும் சிரிக்காமல், கார்வர் எழுதிய உழவர் வெளியீடுகளைப் படித்துப் பார்க்கும்படி சொன்னார். படித்தேன். பிறகு அவருடைய வாழ்க்கையையும் தேடிப் படித்தேன்.

கார்வர் பிறந்த நாள் எவருக்கும் தெரியாது. ஆண்டுகூட உறுதியில்லை; 1864 ஆக இருக்கலாம். அடிமைகளுக்குப் பிறப்புக் குறிப்பு எழுதி வைப்பார் யார்? மிசௌரி மாநிலத்தில் டயமண்டு என்ற சிற்றூரின் அருகே மோசஸ் கார்வர் என்ற வெள்ளையர் பண்ணை வைத்திருந்தார். மேரி என்ற பெண்ணை அவர் 1855 இல் 700 டாலர் கொடுத்து வாங்கினார். அந்த மேரியின் மகன்தான் ஜார்ஜ். உள்நாட்டுப் போர் நடந்த காலம். கொள்ளைக்காரர்கள் ஓர் இரவு வந்து தாயையும் கைக்குழந்தையையும் தூக்கிச் சென்றார்கள். மோசஸ் ஆள் அனுப்பித் தேடினார். குழந்தை மட்டும் கிடைத்தது. மீட்டு வந்தவருக்குக் கூலியாக ஒரு குதிரை கொடுக்கப்பட்டது. தாய் என்னவானாள் என்று மகனுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அடிமை முறை ஒழிந்த பின்னும் மோசஸும் அவர் மனைவி சூசனும் ஜார்ஜையும் அவன் அண்ணன் ஜிம்மையும் வீட்டிலேயே வைத்து வளர்த்தார்கள். ஜார்ஜ் நோஞ்சான் பிள்ளை. கக்குவான் வந்து தொண்டை கெட்டுக் குரல் கீச்சுக் குரலாகவே நின்றுவிட்டது. உழவு வேலைக்கு உடல் தாங்காது. ஆகவே சூசனுடன் அடுப்படியில் இருந்தான். சமையல், தையல், துணி வெளுத்தல், பின்னல் வேலை எல்லாம் அங்கே கற்றான். ஓய்ந்த நேரத்தில் காட்டுக்குப் போய்ச் செடிகளைக் கொண்டுவந்து வளர்த்தான். வாடிய செடிகளை அக்கம்பக்கத்தார் அவனிடம் காட்டி யோசனை கேட்கும் அளவுக்கு அதில் தேர்ந்துவிட்டான். இந்த அடுப்படிப் படிப்பைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். பின்னால் அவர் கல்லூரியில் கற்ற எதற்கும் இது குறைந்ததன்று என்பது என் கருத்து.

அருகிலிருந்த பள்ளியில் கறுப்புப் பிள்ளைகளுக்கு இடமில்லை. எட்டு மைல் தொலைவிலிருந்த நியோஷோ என்ற ஊரில் அவர்களுக்கென்று ஒரு பள்ளி இருந்தது. பத்துப் பன்னிரண்டு வயதில் ஜார்ஜ் தனியாக அங்கே நடந்து போனான். மரியா வாட்கின்சு என்ற கறுப்பின அம்மையார் அவனுக்கு இடம் கொடுத்தார். அவர் மருத்துவச்சி, ஊராருக்குத் துணி வெளுத்துக் கொடுத்தும் பிழைத்தவர். இடைவேளை மணி அடித்ததும் பையன் ஓடிவந்து துணி துவைப்பான். மீண்டும் மணி அடித்ததும் பள்ளிக்கு ஓடுவான்.

அதன் பின் பத்தாண்டுக்கு மேல் ஊர் ஊராக அலைச்சல். கன்சாசு மாநிலத்தில் போர்ட் ஸ்காட் என்ற ஊரில் படித்துக்கொண்டிருந்தபோது, 1879 இல், ஒரு கறுப்பு மனிதனைக் கும்பல் ஒன்று இழுத்து வந்து கொன்று எரித்ததைக் கண்ணால் பார்த்தான். அன்றே அந்த ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டான். மினியாபொலிசு என்ற சிற்றூரில் துணி வெளுக்கும் கடை வைத்துக்கொண்டே உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தார். (இதே பெயரில் பெரிய நகரம் ஒன்று இருக்கிறது, அது வேறு.) 1880களின் நடுவில் ஐலண்டு என்ற ஊரின் கல்லூரி ஒன்றுக்கு விண்ணப்பம் அனுப்பினார். இடம் உண்டு என்று கடிதமும் வந்தது. பெட்டியுடன் போய் நின்றபோது, நிறத்தைப் பார்த்து இடம் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

இந்த இடத்தைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். நாமும் பெட்டியோடு அயலூர் வந்தவர்கள். இங்கே நமக்குள்ள பெரிய குறை உணவுக்கூடத்தில் சோறு வேகாததும், தை மாதக் குளிரில் வெந்நீர் வராததும்தான். அதற்கே சங்கக் கூட்டத்தில் எவ்வளவு பேசுகிறோம்!

கார்வர் படிப்பை விட்டுவிட்டு, 1886 இல் கன்சாசின் மேற்குப் புல்வெளியில் அரசு தந்த நிலத்தில் குடியேறினார். மரமே இல்லாத பூமி அது. புல்லின் வேர் பின்னிய மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி அடுக்கி வீடு கட்டிக்கொண்டார். 160 ஏக்கரில் 17 ஏக்கர்தான் உழ முடிந்தது. வறட்சி என்றால் என்ன, பனிப்புயல் என்றால் என்ன, கடன் என்றால் என்ன என்பதையெல்லாம் ஏழைக் குடியானவனாகவே வாழ்ந்து அறிந்தார். இரண்டொரு ஆண்டில் அதையும் விட்டு அயோவா மாநிலம் போனார். அங்கே பழக்கமான ஒரு குடும்பத்தார் வற்புறுத்தியதால் 1890 இல் இண்டியனோலா ஊரின் சிம்ப்சன் கல்லூரியில் சேர்ந்தார். எதற்கு என்று நினைக்கிறீர்கள்? ஓவியம் கற்க! சம்பளம் கட்டியபின் கையில் 10 சென்ட்தான் மிஞ்சியது என்றும், அதற்குச் சோளமாவும் கொழுப்பும் வாங்கி ஒரு வாரம் ஓட்டினார் என்றும் அவரே பின்னாளில் சொல்லிவந்தார். பிறகு மாணவர்களின் துணிகளை வெளுத்துக் கொடுத்துப் படித்தார்.

அவருடைய ஓவிய ஆசிரியை எட்டா பட் என்பவர். பையன் தீட்டும் பூக்களையும் செடிகளையும் பார்த்தார். ஓவியத்தால் ஒரு கறுப்பின இளைஞன் வயிறு வளர்ப்பது கடினம் என்று எண்ணினார். அவருடைய தந்தை ஏம்சு நகரிலிருந்த அயோவா வேளாண்மைக் கல்லூரியில் தோட்டக்கலைப் பேராசிரியர். ஆசிரியையின் சொல் கேட்டு 1891 இல் கார்வர் அங்கே மாறினார். அந்தக் கல்லூரியின் முதல் கறுப்பின மாணவர் அவரே. மாணவர் உணவுக்கூடத்தில் அவருக்கு முதலில் இடம் தரவில்லை. கீழ்த்தளத்தில் பண்ணையாட்களோடு உண்ணச் சொன்னார்கள். இதைக் கேள்விப்பட்டு இண்டியனோலாவில் அவருக்குப் பழக்கமான வெள்ளைக்கார அம்மையார் ஒருவர் தம்மிடமிருந்த நல்ல உடையை உடுத்திக்கொண்டு இரயிலேறி வந்தார். அன்று முழுவதும் கார்வருடனேயே கல்லூரியைச் சுற்றினார். அதே கீழ்த்தளத்தில் அவருடன் அமர்ந்து உண்டார். அதன்பின் நிலைமை மெல்ல மாறிற்று. நண்பராக இருப்பதற்கு இதைவிட வேறு வழி என்ன இருக்கிறது?

அவர் பட்டம் பெற்றது 1894 இல். முதுகலைப் பட்டம் 1896 இல். லூயி பாமெல் என்ற தாவர நூல் பேராசிரியரிடம் செடிகளைத் தாக்கும் பூஞ்சைகளைப் பற்றி ஆராய்ந்தார். கல்லூரியிலேயே ஆசிரியப் பணியும் கிடைத்தது. கண்ணாடிக் கூடம், நல்ல நுண்ணோக்கி, மதிக்கும் ஆசிரியர்கள் எல்லாம் இருந்தன. அங்கேயே இருந்திருந்தால் பூஞ்சை நூலில் பெரும் பெயர் பெற்றிருப்பார் என்று பாமெலின் மாணவர்களைப் பற்றி அறிந்தவர்கள் கருதுவதுண்டு. ஆனால் அதே 1896 இல் தெற்கே அலபாமா மாநிலத்திலிருந்து புக்கர் வாஷிங்டனின் அழைப்பு வந்தது. அவரும் அடிமையாகப் பிறந்தவர். டஸ்கீகி என்ற ஊரில் கறுப்பின மாணவர்களுக்கென 1881 இல் தொடங்கிய கல்விக்கூடத்தை நடத்தி வந்தார். ஆண்டுக்கு 1000 டாலர் சம்பளம். கார்வர் போனார்.

அங்கே கண்டது என்ன? பருத்தி, மேலும் பருத்தி. வீட்டு வாசல்வரை பருத்தி. அடிமைத்தனம் சட்டத்தில் ஒழிந்து முப்பதாண்டு ஆகியிருந்தது. ஆனால் நிலம் பழைய முதலாளிகளிடமே இருந்தது. விடுதலை பெற்றவர்கள் அந்த நிலத்தையே வாரத்துக்கு உழுதார்கள். விதையும் கோவேறு கழுதையும் மாவும் பன்றி இறைச்சியும் கடைக்காரரிடம் கடன். அறுவடையானதும் வாரமும் கடனும் போக ஒன்றும் மிஞ்சாது. அடுத்த ஆண்டுக்குப் புதுக் கடன். காய்கறிக்கென்று ஒரு பாத்திகூட விடாமல் கடன்காரர் பருத்தியே போடச் சொல்வார். ஆண்டுதோறும் பருத்தி போட்டதால் மண் உயிரிழந்தது. மழை வந்து மேல்மண்ணை வாரிக்கொண்டு ஓடையில் விட்டது. சோளமாவும் வெல்லப்பாகும் பன்றிக் கொழுப்புமே உணவு. இவ்வுணவை நம்பிய வீடுகளில் தோல் வெடித்து, வயிறு கெட்டு, புத்தியும் தடுமாறும் பெலாக்ரா நோய் பின்னர் பரவியது. நியாசின் என்ற உயிர்ச்சத்துக் குறையே அதற்குக் காரணம் என்பது 1937 இல்தான் தெளிவாயிற்று. நிலக்கடலையில் நியாசின் மிகுதி. கார்வருக்கு அந்தப் பெயர் தெரியாது. பயறும் கடலையும் தின்ற வீடு தேறும் என்பது மட்டும் தெரியும்.

ஆய்வுக்கூடம் என்று சொல்லிக் காட்ட அங்கே ஒன்றும் இல்லை. மாணவர்களை அழைத்துக்கொண்டு ஊர்க் குப்பைமேடுகளுக்குப் போனார். உடைந்த புட்டி, பழைய பாத்திரம், கம்பி, தகரம் எல்லாவற்றையும் பொறுக்கி வரச் செய்தார். புட்டியின் கழுத்தைச் சுற்றி நூலைக் கட்டிக் கொளுத்தி, வெட்டி, அளவுக் குவளை ஆக்கினார். மைப்புட்டியில் திரி இட்டதும் விளக்கு. கைப்பிடி போன தேநீர்க் கோப்பை கல்வம். இந்தக் கதையைப் பலர் சிக்கனத்துக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். எனக்குத் தோன்றுவது வேறு. அப்படிக் கருவி செய்து பழகிய மாணவன் தன் ஊருக்குத் திரும்பியதும் கருவி இல்லையே என்று கைகட்டி நிற்க மாட்டான். அவனுக்கு வேண்டிய ஆய்வுக்கூடம் எந்த ஊரின் குப்பைமேட்டிலும் கிடைக்கும்.

1897 இல் அலபாமா சட்டமன்றம் டஸ்கீகியில் ஒரு வேளாண்மைச் சோதனை நிலையம் வைக்க ஆண்டுக்கு 1500 டாலர் ஒதுக்கியது. வெள்ளையர் கல்லூரிகளின் நிலையங்களுக்குக் கிடைத்ததோடு ஒப்பிட்டால் அது பிச்சைக் காசு. பத்து ஏக்கர் கெட்ட நிலத்தை எடுத்துக்கொண்டார். அங்கே கார்வர் தமக்கு ஒரு விதி வகுத்துக்கொண்டார் என்று அவர் செய்த வேலைகளிலிருந்து நாம் ஊகிக்கலாம். வாரக்குடி ஒருவன் காசு கொடுத்து வாங்க முடியாத எதையும் நம்பி ஒரு முறையைச் சொல்லக்கூடாது என்பதே அவ்விதி. வணிக உரங்களையும் அவர் சோதித்தார். ஆனால் உழவரிடம் அழுத்திச் சொன்னது வேறு. காட்டில் உதிர்ந்த இலையையும், சதுப்பு நிலத்தின் கறுப்புச் சேற்றையும், தொழுவத்துச் சாணத்தையும் மக்கவைத்துப் போடு, ஆழ உழு, சரிவுக்குக் குறுக்கே உழு, பருத்திக்கு முன் தட்டைப்பயறோ கடலையோ போடு என்பன அவை. பயறு வகைச் செடிகளின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குத் தருகின்றன என்பதை ஜெர்மானியர் இருவர் நிறுவியது 1888 இல். பத்தாண்டும் ஆகாத அந்தப் புத்தம்புதிய விஞ்ஞானத்தை எழுத்தறியாத குடியானவனின் கொல்லைக்குக் கொண்டுபோக முயன்றவர் கார்வர்.

அவருடைய வெளியீடுகளின் பெயர்களைப் பாருங்கள். 1898 இல் வந்த முதல் வெளியீடு, காட்டில் சும்மா உதிர்ந்து கிடக்கும் ஓக் மரத்துக் கொட்டைகளைப் பன்றிக்கும் கோழிக்கும் தீவனமாக்குவது பற்றி. பிறகு தேய்ந்துபோன மண்ணைத் தேற்றுவது. சர்க்கரைவள்ளிக் கிழங்கைக் கெடாமல் காப்பது. வெயில் காலத்தில் இறைச்சியை உப்பிட்டுப் பதப்படுத்துவது. பழங்களையும் காய்கறிகளையும் வீட்டிலேயே புட்டியில் அடைத்து வைப்பது. 1911 இல் ஒன்று வந்தது. அந்த வட்டாரத்தில் காலடியில் கிடக்கும் களிமண்ணைக் கரைத்து வீட்டுக்கு வெள்ளையும் வண்ணமும் அடிப்பது எப்படி என்று அது சொன்னது. கடலை விளைவிப்பதையும் அதை உண்ணும் 105 வழிகளையும் சொன்ன புகழ்பெற்ற வெளியீடு 1916 இல் வந்தது. மொத்தம் நாற்பதுக்கும் மேல். இவற்றில் பல அடுப்படி விஷயம்! சூசனிடமும் மரியாவிடமும் கற்றதெல்லாம் இங்கே வந்து சேர்ந்தன. வேளாண்மை பேராசிரியர்கள் வயலோடு நின்றார்கள். இவர் விளைந்ததை வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சட்டியில் வேகவைத்து, சுவரில் பூசி, பிள்ளையின் தட்டில் வைத்த பிறகுதான் நின்றார்.

ஆனால் எழுதியதைப் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? 1897 முதல் மாதந்தோறும் உழவரைக் கல்லூரிக்கு அழைத்துக் கூட்டம் நடத்தினார். நடந்து வரக்கூடியவர்கள் வந்தார்கள். வராதவர்களைத் தேடி வார இறுதியில் கடன் வாங்கிய வண்டியில் இவரே போனார். இதிலிருந்துதான் அவருடைய உண்மையான கண்டுபிடிப்பு பிறந்தது என்பேன். வண்டியையே கல்லூரியாக்கினால் என்ன? கார்வர் வரைபடம் போட்டார். நியூயார்க்கு நகரத்துச் செல்வர் மாரிஸ் ஜெசப் பணம் தந்தார். டஸ்கீகி மாணவர்களே பட்டறையில் வண்டியைச் செய்தார்கள். 1906 மே மாதம் கோவேறு கழுதைகள் பூட்டிய ஜெசப் வண்டி புறப்பட்டது. ஏர், விதை, உர மாதிரிகள், வெண்ணெய் கடையும் பொறி, பாலிலிருந்து ஆடை பிரிக்கும் பொறி, பாலைச் சோதிக்கும் கருவி எல்லாம் அதில் இருந்தன. ஓர் ஊரில் யாராவது ஒருவருடைய கொல்லையில் வண்டி நிற்கும். அக்கம்பக்கத்தார் கூடுவார்கள். பேச்சு குறைவு. அந்த வயலிலேயே உழுது காட்டுவார்கள். அவர்களும் உழுது பார்ப்பார்கள்.

அந்த வண்டியை ஏற்று நடத்தியவர் யாரென்று தெரிந்துகொள்வது மாணவர்களாகிய நமக்கு முக்கியம். தாமஸ் கேம்பல் என்ற இளைஞர். ஜார்ஜியா மாநிலத்து ஏழைக் குடும்பம். டஸ்கீகியில் படிக்கலாம் என்று கேள்விப்பட்டு 1899 இல், பதினைந்து பதினாறு வயதில், ஊரிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தவர். படிப்புக்குரிய அடிப்படைகூட இல்லாமல் வந்து, வேலை செய்துகொண்டே படித்து, கார்வரிடம் வேளாண்மை கற்றார். 1906 நவம்பரில் அமெரிக்க அரசின் வேளாண்மைத் துறை அவரைச் செயல்முறை விளக்க அலுவலராக நியமித்தது. அத்துறையின் முதல் கறுப்பின விரிவாக்க அலுவலர் அவரே. வாரக்குடியின் வீட்டிலிருந்து வந்த பையன், வாரக்குடியின் வீட்டுக்கே வண்டியோடு திரும்பினான். 1918 இல் கழுதை வண்டி போய் மோட்டார் வண்டி வந்தது. பின்னர் ஒரு செவிலியும் வண்டியில் சேர்ந்தார். குழந்தையைக் குளிப்பாட்டுவதும், சன்னலுக்கு வலை அடிப்பதும், கழிப்பிடம் கட்டுவதும் பாடங்களாயின. 1923 இல் புது மோட்டார் வண்டி வாங்க, கறுப்பின உழவர்களே காசு சேர்த்துக் கொடுத்தார்கள். தங்களுக்கு உதவாத ஒன்றுக்கு ஏழைகள் காசு கொடுப்பார்களா?

குறைகளையும் சொல்ல வேண்டும். கார்வர் எளிதில் பழகக்கூடிய மனிதரல்லர். நிர்வாகம் அவருக்கு வராது. கல்லூரியின் கோழிப்பண்ணை அவர் பொறுப்பில் இருந்தது, கணக்கு தவறியது, புக்கர் வாஷிங்டன் கண்டித்தார், இவர் ராஜினாமாக் கடிதம் எழுதினார். ஒரு முறையன்று, பல முறை. இருவரும் கடிதத்திலேயே சண்டையிட்டுக்கொண்டார்கள். 1915 இல் வாஷிங்டன் இறந்தபோது நெடுநாள் துயரத்தில் மூழ்கியவரும் கார்வர்தான். இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. நிலம் யாருடையது என்ற கேள்வியை அவர் உரக்கக் கேட்கவில்லை. வாரக்குடி ஒருவன் மூன்றாண்டு பாடுபட்டு மண்ணைத் தேற்றினால், நான்காம் ஆண்டு நிலக்காரர் அவனை எழுப்பிவிட்டு வேறு ஆளை வைக்கலாம். தேறிய மண் யாருக்கு? இதற்கு மக்கிய இலையிலும் சதுப்புச் சேற்றிலும் மருந்து இல்லை. குத்தகை நிலத்தில் பாடுபடுகிறவரின் வீட்டிலிருந்து வந்த எனக்கு இந்தக் கேள்வி படிக்கும்போதெல்லாம் உறுத்தியது. கேட்டிருந்தால் அந்தக் காலத்து அலபாமாவில் அவர் உயிரோடு இருந்திருக்க முடியுமா என்பதும் வேறொரு கேள்வி. போர்ட் ஸ்காட்டில் கண்ட காட்சியை அவர் சாகும்வரை மறக்கவில்லை.

பருத்திக் காயைத் துளைக்கும் கூன்வண்டு மெக்சிகோவிலிருந்து வந்து 1910 வாக்கில் அலபாமாவைத் தொட்டது. பருத்தி அழிந்த இடங்களில் கடலை ஏறியது. 1921 இல் கடலைக்கு இறக்குமதி வரி கேட்டு வாதாட, கடலை வணிகர்கள் கார்வரை அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் நிறுத்தினார்கள். கொடுத்தது பத்து நிமிடம். பெட்டியிலிருந்து ஒவ்வொரு பொருளாக எடுத்துக் காட்டத் தொடங்கினார். முதலில் கேலி பேசிய உறுப்பினர்கள் நேரத்தை நீட்டிக்கொண்டே போனார்கள். 1922 இல் வரி வந்தது. அன்றுமுதல் அவர் உலகப் புகழ் பெற்ற கடலை விஞ்ஞானி.

முந்நூறு பொருள்கள் என்ற கதை அங்கேதான் வளர்ந்தது. வரலாற்று ஆசிரியர்கள் பின்னர் ஆராய்ந்து பார்த்தார்கள். அந்தப் பட்டியலில் திரும்பத் திரும்ப வந்தவை பல. முன்பே பிறர் செய்தவை பல. செய்முறையை எழுதி வைத்தவை மிகச் சில. வாணிபத்தில் வென்றது என்று சொல்ல அநேகமாக ஒன்றுமில்லை. கடலை வெண்ணெய் அவர் கண்டதன்று. அதற்கு 1884 இலேயே கனடா நாட்டவர் ஒருவர் காப்புரிமை பெற்றிருந்தார். கார்வர் பெற்ற காப்புரிமைகள் மூன்றே. அவையும் முகப்பூச்சும் வண்ணமும் பற்றியவை. செய்தித்தாள்களுக்கு முந்நூறு என்ற எண் பிடித்திருந்தது. வெள்ளையடிக்கிற களிமண்ணும் பன்றி தின்னும் கொட்டையும் பிடிக்கவில்லை. அவரும் புகழை மறுத்துப் பேசியவரல்லர். மிகையாக எழுதியவர்களைத் திருத்தவும் இல்லை. இந்த இடத்தில் அவர்மேல் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஆனாலும் பழைய சட்டையும், பொத்தான் துளையில் செருகிய அன்றன்றைய பூவுமாக, விடியுமுன் காட்டுக்குள் நடந்து செடி பொறுக்கும் வழக்கத்தை அவர் விடவில்லை. மணம் செய்துகொள்ளவில்லை. காந்தியடிகளின் நண்பர் ஆண்டுரூசு 1929 இல் டஸ்கீகிக்கு வந்து அவரைக் கண்டார். 1942 இல், போர்க்காலப் பஞ்சத்தை எண்ணி, உண்ணத் தகுந்த காட்டுக் கீரைகளைப் பற்றி ஒரு வெளியீடு கொண்டுவந்தார். வயது எண்பதை நெருங்கியிருந்தது. மனம் இன்னும் காசில்லாதவன் வீட்டு அடுப்படியிலேயே இருந்தது. சேமிப்பு ஏறக்குறைய 60,000 டாலரையும் டஸ்கீகியில் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றுக்குக் கொடுத்தார். 1943 சனவரி 5 ஆம் நாள் காலமானார். புக்கர் வாஷிங்டனின் கல்லறைக்கு அருகிலேயே அவரை அடக்கம் செய்தார்கள். கோழிப்பண்ணைச் சண்டை எல்லாம் அங்கே அடங்கிற்று.

இவ்வளவையும் படித்தபின், சென்ற விடுமுறையில் ஊருக்குப் போனபோது கையில் கருவி எதையும் கொண்டுபோகவில்லை. சித்தப்பாவோடு ஒரு வாரம் வயலில் இருந்தேன். கடலைக்குப் பின்னும் மண் ஏன் தேறவில்லை என்று அப்போதுதான் பட்டது. நாம் கடலையைச் செடியோடு பிடுங்குகிறோம். கொடி முழுவதும் வீட்டுக்குப் போகிறது. அது பிடித்த நைட்ரஜனில் பெரும்பங்கு அதனுடனே போய்விடுகிறது. ஐந்து சென்ட் நிலத்தில் மட்டும் கொடியை மண்ணிலேயே மடக்கி உழுது பார்ப்போம், செலவு ஒன்றுமில்லை என்றேன். சித்தப்பா யோசித்தார். திண்ணையில் உட்கார்ந்து கடலை உடைத்துக்கொண்டிருந்த சித்தி, கொடியை மண்ணில் போட்டுவிட்டால் கோடையில் மாடு எதைத் தின்னும் என்று கேட்டார். மாடு தின்றால் சாணம் வயலுக்குத்தானே வருகிறது என்றும் சொன்னார். வருகிறதா, எவ்வளவு வருகிறது, எருக்குழியில் வெயிலில் கிடந்து எவ்வளவு காற்றோடு போகிறது என்று யாரும் அளந்ததில்லை. எருக்குழியின் மேல் பனையோலை வேய்ந்து ஒரு பாதியை மூடிவைத்துவிட்டு வந்திருக்கிறேன். மறு பாதி திறந்தே இருக்கிறது. இரண்டிலிருந்தும் ஒவ்வொரு பிடி எரு பொட்டலம் கட்டி அனுப்புவதாகச் சித்தி சொல்லியிருக்கிறார். பொட்டலம் இன்னும் வரவில்லை.